வலப்பக்கப் பை

"கடைநிலை உதவியாளர் (துணி), பிணவறைப் பிரிவு. கல்வி: எட்டாம் வகுப்பு. பணிகள்: துணிகளைப் பெறுதல், துவைத்தல், உலர்த்துதல், உறையிலிடுதல். எழுத்துப் பணி இல்லை. சொந்தமாக முடிவெடுக்கும் தேவை எழாது."

ஆஸ்பத்திரியின் பணி விவரப் புத்தகத்தில் இந்த வரிகளுக்கு உரியவர் கணிதத்தில் பட்டம் வாங்கியவர். பட்டத்தைக் காட்டினால் இந்த வேலை கிடைக்காது, காட்டாவிட்டால் வேறு வேலை கிடைக்காது என்ற நிலையில், எட்டாம் வகுப்புச் சான்றிதழை மட்டும் நீட்டி உள்ளே வந்தார். படிக்காததைப் படித்ததாகச் சொல்லி வேலை வாங்கியவர்கள் அந்தக் கட்டடத்தில் உண்டு. படித்ததைப் படிக்கவில்லை என்று சொன்னவர் அவர் ஒருவர்தான். எல்லோரும் அவரைத் துணிக்காரர் என்றே அழைத்தார்கள். சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவரே ஒரு கணம் தாமதித்துத்தான் திரும்பிப் பார்ப்பார்.

வேலை இதுதான். அடையாளம் தெரியாமல் வந்து சேர்கிறவர்களின் உடையைக் களைந்து அவரிடம் தருவார்கள். அவர் துவைத்து, பின்கட்டில் கம்பியில் உலர்த்தி, மடித்து, பழுப்பு உறையில் போட்டு, அரக்கு வைத்து, மேலே எண் எழுதுவார். உடலை முப்பது நாள் வைத்திருப்பார்கள். அதற்குள் உரியவர் வராவிட்டால் முப்பதாம் நாள் முற்பகல் பதினோரு மணிக்கு வண்டி வரும். ஊருக்கு வெளியே எண் போட்ட வரிசையில் புதைத்துவிடுவார்கள். உறை மட்டும் ஓராண்டு அலமாரியில் இருக்கும். ஆளைவிட ஆளின் சட்டைக்கு ஆயுள் அதிகம் என்பது அந்த அலுவலகத்தின் விதி.

உரியவர் ஏன் வருவதில்லை என்று கேட்டால், வருவார்கள். வந்தவர்களைத் திருப்பி அனுப்பத்தான் முன்பக்க ஜன்னலில் குமாஸ்தா உட்கார்ந்திருந்தார். உறையைப் பார்க்கக் காவல் நிலையக் கடிதம் வேண்டும். கடிதம் தரக் காவல் நிலையம் உறையின் எண்ணைக் கேட்கும். எண்ணைச் சொல்லக் குமாஸ்தா கடிதத்தைக் கேட்பார். இந்த வட்டத்தை யாரும் திட்டமிட்டுப் போடவில்லை. ஆளுக்கொரு வளைவாக நல்லெண்ணத்தோடு போட்டார்கள்.

துணி உலர வெயில் நாளில் இரண்டு மணி நேரம் ஆகும், மழை நாளில் ஐந்து. அந்த நேரத்தில் சம்பளத்துக்கு வேலை கிடையாது. கணினிப் பிரிவு கழித்துக் கட்டிய பழைய மடிக்கணினி ஒன்றை வாங்கி வந்து, கம்பிக்குக் கீழே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வீடியோக்களைப் பார்த்து நிரல் எழுதக் கற்றுக்கொண்டார். மூன்று மழைக்காலம் பிடித்தது. பிறகு ஒரு வலைத்தளம் கட்டினார். ஒவ்வோர் உறைக்கும் ஒரு பக்கம்: எண், வந்த தேதி, உத்தேச வயது, அலுவலகக் குறிப்பு, அதன் கீழே துணியின் படம். அலுவலகக் குறிப்பு என்றால் 'சட்டை, நீலம், ஒன்று' என்று இருக்கும். அரக்கு வைக்கும் முன் அவரே படம் எடுத்துக்கொண்டார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பார்கள். இல்லை என்ற பிறகு செய்தால் குற்றம். கேட்காமல் செய்தால் வெறும் தவறு. கணக்குப் படித்தவர் அல்லவா.

மனைவி பேருந்து நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் இருந்தாள். நாளெல்லாம் ஜன்னல் வழியாக மனிதர்களைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு வாய் நீண்டுவிட்டது என்பது அவர் கட்சி.

"பகல்ல பொணத்தோட இருக்கீங்க, மிச்ச நேரம் கம்ப்யூட்டரோட. ரெண்டும் எதிர்ப்பேச்சு பேசாது. உங்களுக்குன்னு தேடிப் பிடிச்சிருக்கீங்க."

"கம்ப்யூட்டர் பேசும். நேத்துப் பூரா திட்டுச்சு."

"பரவால்லையே. என் கட்சிக்கு ஒரு ஆள்."

கம்ப்யூட்டர் திட்டியது உண்மைதான். மடிக்கணினியில் கும்பிட்ட கையோடு ஓடிய தளம், வாடகைச் சர்வரில் ஏற்றியதும் காலை மடக்கிக்கொண்டது. வாடகை என்பது மரியாதைக்கு. அது இலவச இடம். முதல் முறை ஏற்றியபோது தளத்துக்குள் நுழையும் வாசல் எண் தவறு என்று சிவப்பில் எழுதியது. இரண்டாம் முறை, கோப்பின் பெயரில் பெரிய எழுத்து வேறு, சின்ன எழுத்து வேறு என்றது. மடிக்கணினி இரண்டையும் ஒன்றாகப் பாவித்த நல்ல மனசுக்காரன். சர்வர் குமாஸ்தா ஜாதி. ஆறாவது முறை சிவப்பு எதுவும் வரவில்லை. அன்று திங்கட்கிழமை. நாற்பத்திரண்டு உறை, நாற்பத்திரண்டு படம், உலகத்தில் எந்த மூலையிலிருந்தும் பார்க்கலாம். பின்கட்டில் அவரும் காயாத ஒரு கால்சட்டையும் மட்டும் இருந்ததால் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

இலவச இடத்தின் விதிகளை அவர் ஒரு வரி விடாமல் படித்திருந்தார். அதில் ஒரு வரி: இங்கே வைக்கப்படுபவை நிலையானவை அல்ல. படித்துவிட்டுத் தலையாட்டினார். பதினாறு வருடம் பிணவறையில் வேலை பார்த்தவருக்கு அதில் புதிதாக எதுவும் படவில்லை. வேறு எந்தத் தொழில்காரனாக இருந்தாலும் 'நிலையானவை அல்ல என்றால் என்ன அர்த்தம்?' என்று பதறி அடுத்த பக்கத்தைப் புரட்டியிருப்பான். அவர் அதை வாழ்க்கையைப் பற்றிய பொதுக் கருத்தாக எடுத்துக்கொண்டார்.

அர்த்தம் இதுதான்: தளத்தின் புதிய பிரதியை ஏற்றும் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தைக் கூட்டித் துடைத்துவிடுவார்கள். எழுத்தெல்லாம் வேறொரு இடத்தில் பத்திரமாக இருக்கும். ஏற்றி வைத்த படங்கள் போய்விடும்.

திங்கள் மாலை மனைவி தளத்தைப் பார்த்தாள். ஒவ்வொரு படமாக, ஒன்றும் பேசாமல் பார்த்தாள். அவள் பேசாமல் இருந்ததே அவருக்குக் கலக்கமாக இருந்தது.

"தலைப்புல 'பொருட்கள்'னு போட்டிருக்கீங்களே. மளிகைக் கடையா இது? பெத்தவங்க பாப்பாங்கங்க."

"வேற என்ன போடறது?"

"'உடன் இருந்தவை'ன்னு போடுங்க."

சரியாகத்தான் சொன்னாள். செவ்வாய்க்கிழமை காலை, கம்பியில் துணி போட்ட கையோடு அந்த ஒரு சொல்லை மாற்றிப் புதிய பிரதியை ஏற்றினார். சிவப்பு வரவில்லை. தளத்தைத் திறந்து பார்த்தார். தலைப்பு மாறியிருந்தது. படங்கள் வரிசையாகத் தெரிந்தன. ஒருமுறை பார்த்த படத்தை மடிக்கணினி தனக்குள் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும், அடுத்த முறை சர்வரைக் கேட்காமல் அதையே எடுத்து நீட்டும் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தது நினைவுக்கு வரவில்லை. உலகத்தில் அந்தப் படங்கள் தெரிந்த ஒரே திரை அவருடைய திரை.

அன்று நண்பகல் தையல்காரி வந்தாள். ஐந்து வாரமாகச் செவ்வாய்தோறும் வருகிறவள். கழுத்தில் அளவு நாடா எப்போதும் தொங்கும். வேலைக்குப் போன தம்பி திரும்பவில்லை. வளர்ந்த ஆண்பிள்ளை, தானே வருவான் என்று காவல் நிலையத்தில் சொல்லியிருந்தார்கள்.

"நீலச் சட்டைங்க. நானே தச்சது" என்றாள் ஜன்னலில்.

"நீலம் பதினொண்ணு இருக்கும்மா."

"அவன் இடது கைக்காரன் சார். அதனால பை வலது பக்கம் வச்சிருப்பேன்."

"ஃபாரத்துல கலருக்குத்தாம்மா கட்டம் இருக்கு. பைக்குக் கட்டம் இல்ல. லெட்டர் இருக்கா?"

பின்கட்டில் குழாய் ஓடிக்கொண்டிருந்ததால் துணிக்காரருக்கு இந்தப் பேச்சு கேட்கவில்லை. வெளியே வந்தபோது அவள் வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தாள். பின்னாலேயே போய், தள முகவரி எழுதிய துண்டுச் சீட்டைக் கையில் கொடுத்தார்.

"இதுல எல்லாம் படமா இருக்கும்மா. வீட்ல உக்காந்து நிதானமா பாருங்க. தெரிஞ்சா எண்ணைக் குறிச்சுக்கிட்டு நேரா காவல் நிலையம் போங்க. சீக்கிரம் பாருங்க, வியாழக்கிழமை ரெண்டு பேருக்கு முப்பது நாள் முடியுது."

"ரொம்ப நன்றிண்ணா." சீட்டை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

அந்த இருவரில் ஒருவர் எண் நாற்பத்தேழு. அந்த நீலச் சட்டையைத் துணிக்காரரே துவைத்தார், அவரே மடித்தார். அவருடைய கண் கறைக்குப் பழகிய கண். பை எந்தப் பக்கம் என்று பார்த்ததில்லை. வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வண்டி வந்தது. வண்டி மட்டும் அங்கே எப்போதும் நேரத்துக்கு வரும்.

வெள்ளிக்கிழமை காலை அவள் மறுபடி வந்தாள். ஜன்னலுக்குப் போகாமல் நேராகப் பின்கட்டுக்கே வந்துவிட்டாள்.

"படமே வரலைங்கண்ணா. வெறும் கட்டங்கட்டமாத்தான் தெரியுது. என் ஃபோன் கண்ணாடி உடைஞ்சது, அதான் கோளாறுன்னு ரிப்பேர் கடையில குடுத்தேன். ரெண்டு நாள் வச்சிருந்துட்டு, ஃபோன் நல்லாத்தாம்மா இருக்குன்னு இப்பத்தான் குடுத்தான்."

"வராம இருக்காதேம்மா" என்று மடிக்கணினியைத் திறந்தார். வந்தது. ஒவ்வொன்றாக நகர்த்தினார். மூன்றாம் வரிசையில் அவள் கை அவர் மணிக்கட்டைப் பிடித்தது.

"இது."

நீலச் சட்டை. வலப்பக்கம் பை. பையின் வாயில் இரட்டைத் தையல்.

"என் தையல்தான். என் தம்பிதாண்ணா. எங்க வச்சிருக்கீங்க அவனை?"

அவர் அவள் ஃபோனை வாங்கி அதே பக்கத்தைப் பார்த்தார். வெறும் கட்டம். தன் திரையைப் பார்த்தார். சட்டை. மறுபடி ஃபோன். கட்டம். கழித்தல் கணக்கு தெரிந்தவனுக்கு அதற்கு மேல் தேவையில்லை. செவ்வாய் காலை மாற்றிய அந்த ஒரு சொல் நினைவுக்கு வந்தது. தலையாட்டிவிட்டுக் கடந்துபோன அந்த வரி நினைவுக்கு வந்தது. ஸ்டூலில் உட்கார்ந்தார். அது ஈரமாக இருந்தது என்பதைக்கூட வெகுநேரம் கழித்துத்தான் உணர்ந்தார்.

சத்தம் கேட்டுக் குமாஸ்தா எட்டிப் பார்த்தார். விஷயம் புரிந்ததும் துணிக்காரரைக் கையைப் பிடித்துக் கதவுக்குப் பின்னால் இழுத்தார். கெட்ட மனிதர் அல்ல. பதினாறு வருடப் பழக்கம்.

"சர்வர் கோளாறுன்னு சொல்லிடுங்க."

"சர்வர் சரியாத்தான் இருக்கு."

"அது யாருக்குத் தெரியும்? பேங்க்ல சொல்றான், ரயில்ல சொல்றான், கரண்ட் ஆபீஸ்ல சொல்றான். நாம சொன்னா மட்டும் நம்ப மாட்டாங்களா? துணிக்காரரே, இந்தத் தளம் இருக்கிறதே மேல யாருக்கும் தெரியாது. சத்தமில்லாம எடுத்துடுங்க. வேலை போனா துணி துவைக்கக்கூடக் கூப்பிட மாட்டாங்க."

நல்ல யோசனைதான். யாரையும் காட்டிக்கொடுக்காத பொய். எல்லா ஊரிலும் செல்லுபடியாகும் நாணயம். துணிக்காரர் அதைக் கேட்டுவிட்டு, நன்றி என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

"உங்க தம்பியை நேத்து பதினோரு மணிக்குப் புதைச்சுட்டாங்கம்மா. திங்கக்கிழமை இந்தப் படம் இருந்துச்சு. செவ்வாய்க்கிழமை காலையில நான்தான் தெரியாம அழிச்சிட்டேன். அழிஞ்சதுகூடத் தெரியாம அதே நாள் உங்ககிட்ட சீட்டுக் குடுத்தேன். உங்க ஃபோன் மேல தப்பில்ல. சர்வர் மேலயும் தப்பில்ல."

அவள் திட்டவில்லை. அடிக்கவில்லை. கழுத்திலிருந்த நாடாவை எடுத்து விரலில் சுற்றினாள், பிரித்தாள், சுற்றினாள்.

"செவ்வாக்கிழமை நான் வந்தப்ப உள்ளதான் இருந்தானா?"

"ஆமாம்மா."

"எவ்வளவு தூரத்துல?"

அவர் சுவரைக் காட்டினார். அவள் போய் அந்தச் சுவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கம்பியில் யாருடையதோ ஒரு வேட்டி உலர்ந்துகொண்டிருந்தது. அது உலரும் வரை அவள் அங்கேயே இருந்தாள்.

பிறகு நடந்தவை காகிதத்தில் நடந்தவை. உடலைத் தோண்டி எடுக்க மனு போட வேண்டும். மனுவுக்குக் காவல் நிலையக் கடிதம் வேண்டும். இம்முறை எண் இருந்ததால் கடிதம் கிடைத்தது. மனுவில் 'காலதாமதத்துக்குக் காரணம்' என்ற கட்டத்தில் தன் பெயரையும் செவ்வாய்க்கிழமை காலை மணியையும் துணிக்காரர் எழுதினார். அதை வைத்தே நிர்வாகம் அவருக்கு மெமோ கொடுத்தது: எழுத்துப் பணி இல்லாத பதவியில் எழுத்துப் பணி செய்தது, சொந்தமாக முடிவெடுத்தது, கடிதமின்றி அரக்கை உடைத்தது. தளத்தை மூட உத்தரவு வந்தது. மூடும் முன் அதன் படங்களையெல்லாம் அவர் மடிக்கணினியிலிருந்து அச்செடுத்து ஒட்டி வைக்கவும் உத்தரவு வந்தது, விசாரணைக்குத் தேவையாம். அதனால் இன்று அந்த ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில், நாற்பத்தேழாம் எண் நீங்கலாக, நாற்பத்தொரு துணிகளின் படம் ஒட்டியிருக்கிறது. வந்தவர்கள் நின்று பார்க்கிறார்கள். பார்க்கக்கூடாது என்று உத்தரவு எதுவும் இன்னும் வரவில்லை.

மனைவி கேட்டது ஒன்றே ஒன்று. "நான் அந்தச் சொல்லை மாத்தச் சொல்லாம இருந்திருந்தா?"

"சொல் சரிதான்" என்றார். அதற்குப் பிறகு அவள் இரண்டு நாள் கேலி பேசவில்லை. அவருக்கு அது மெமோவைவிடக் கனமாக இருந்தது.

மெமோவில் மூன்றாவதாகச் சொல்லியிருப்பதைச் சொல்ல வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை, வேட்டி உலர்ந்த பிறகு, துணிக்காரர் உள்ளே போய் நாற்பத்தேழாம் எண் உறையை எடுத்து வந்து, அரக்கை உடைத்து, சட்டையைத் தையல்காரியிடம் கொடுத்தார்.