நெடி ஏறினால்தான் சுத்தம்

பத்தாம் வகுப்புக்கு வேதிவினைகள் பாடம் எடுக்கும்போது கரும்பலகையில் இடது பக்கத்தை மட்டும் எழுதி, ஓர் அம்புக்குறி போட்டு நிறுத்திவிடுவேன். வலது பக்கத்தில் என்ன வரும் என்று பிள்ளைகள்தான் சொல்ல வேண்டும். உத்திரமேரூரில் ஒரு தனியார் பள்ளியில் நான் அறிவியல் டீச்சர். விளைபொருள் என்ன என்று கேட்டால் பாதி வகுப்பு யோசிக்காமல் "தண்ணி டீச்சர்" என்று கத்தும். அமிலமும் காரமும் சேர்ந்தால் தண்ணீர் வரும் என்று என்றைக்கோ சொன்னது அவர்கள் மண்டையில் நன்றாக ஏறிவிட்டது. அதற்குப் பிறகு மயில்துத்தக் கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டாலும் அவர்களுக்குத் தண்ணீர்தான் வரும்.

முதலில் வகையைப் பாருங்கள் என்பேன். இரண்டு சேர்ந்து ஒன்றாகிறதா, ஒன்று உடைந்து இரண்டாகிறதா, எரிகிறதா. ஒருத்தன் வந்து இன்னொருத்தனைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காருகிறானா, இல்லை இரண்டு ஜோடியும் ஆள் மாற்றிக்கொள்கின்றனவா. ஆள் மாற்றிக்கொள்வது என்றதும் பின் பெஞ்சில் சிரிப்பு கிளம்பும். சிரித்துவிட்டுப் போகட்டும். வகை தெரிந்துவிட்டால் விளைபொருள் பெரும்பாலும் தானாகவே வந்து நிற்கும். எனக்கு இந்தப் பாடம் பிடித்ததற்குக் காரணமே அதுதான். சோடியத்துக்கு மானம் ரோஷம் கிடையாது. கால்சியம் யாரிடமும் வீம்பு பிடிக்காது. மனிதர்களோடு பேசிப் பேசி அலுத்துப்போன எனக்கு அது பெரிய நிம்மதி.

என் அம்மா அதே ஊரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கழிவறை கழுவிக்கொண்டிருந்தாள். அப்பா போன பிறகு நடவு, களை என்று வயல் வேலையில்தான் இருந்தாள். இடுப்பு ஒத்துழைக்காமல் போனதும் மண்டபத்துக்கு வந்தாள். நான் டீச்சரான பிறகு வேலையை விடச் சொல்லிப் பார்த்தேன். "உன் ஸ்கூல்ல குடுக்கறது உன் பொடவைக்கே பத்தல, என்னிய உக்கார வெச்சு சோறு போடப் போறியா டீச்சரம்மா?" என்று கிண்டல் செய்தாள். அவள் சொன்னதும் நிஜம்தான்.

முகூர்த்த மாதங்களில் மண்டபம் மூச்சு விடாது. காலையில் தாலி கட்டிய கூட்டம் மத்தியானச் சாப்பாடு முடித்துக் கிளம்பும். சாயங்காலமே அடுத்த வீட்டு வரவேற்புக்கு ஆள் வந்துவிடும். நடுவில் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் அத்தனை கழிவறைகளையும் அம்மா ஒருத்தி கழுவ வேண்டும். மேனேஜர் அதைச் சரிபார்க்கிற விதமே தனி. உள்ளே கால் வைக்க மாட்டார். நடைவழியில் நின்று மூக்கை ஒரு இழுப்பு இழுப்பார். மூக்கு எரிந்து கண் கலங்கினால் தலையாட்டிவிட்டுப் போவார். எரியவில்லை என்றால் "இன்னொரு தபா கழுவிடும்மா" என்பார். அவர் மட்டுமில்லை, எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் இதே கணக்குதான். ஆஸ்பத்திரியோ பள்ளிக்கூடமோ மண்டபமோ, நெடி ஏறினால்தான் அது சுத்தம்.

ஒரு தை மாதத்து மத்தியானம், அம்மா மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க மண்டபத்துக்குப் போனேன். நடைவழியில் திரும்பியதுமே தொண்டையில் ஏதோ பிடித்துக்கொண்டது. என்ன வாயு என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே அம்மா முந்தானையை வாயில் கட்டிக்கொண்டு, தரையில் பிளீச்சிங் பவுடரைத் தூவி அதன் மேலேயே ஆசிட்டை ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தாள். மேலே கைக்குட்டை அகலத்துக்கு ஒரு ஜன்னல். கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன். இருமி முடிக்கவே அவளுக்கு வெகு நேரம் ஆனது. கார்த்திகை முகூர்த்தங்களிலிருந்தே இருமிக்கொண்டிருந்தாள், பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று நான் கஷாயம் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டையும் ஏம்மா ஒண்ணா ஊத்தற?"

"தனித்தனியா ஊத்தினா நெடியே வர்லடி. அந்த ஆளு மறுபடியும் மறுபடியும் கழுவச் சொல்றாரு. இது ஊத்தினா ஒரே தபால முடிஞ்சிடுது. இன்னா பண்ணச் சொல்ற?"

வீட்டுக்கு வந்ததும் அவளை உட்கார வைத்துச் சொன்னேன். அந்த நெடி குளோரின். காற்றைவிடக் கனமானது, மேலே போகாமல் தரையிலேயே படுத்திருக்கும். நீ குனிந்து தேய்க்கிற இடத்தில்தான் அது இருக்கிறது. ஈரத்தோடு சேர்ந்தால் அது மறுபடியும் அமிலமாகும். நெஞ்சுக்குள் இருப்பது முழுக்க ஈரம். இப்படியே போனால் ஒருநாள் உன் மூச்சு நின்றுவிடும். அம்மா கவனமாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "இத்த போயி அந்த மேனேஜராண்ட சொல்லு" என்றாள்.

போய்ச் சொன்னேன். எனக்குக் கோபம் வந்தால் வாய் கொஞ்சம் நீளும். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "எனக்கு மட்டும் மூக்கு எரியலையா டீச்சர்? பார்ட்டி வந்து மொதல்ல கேக்கறதே பாத்ரூம் நீட்டா கீதான்னுதான். நான் உள்ள போயி தடவியா பாக்க முடியும்?" என்றார். அம்மாவின் நெஞ்சைப் பற்றி நான் சொன்னது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. கல்யாணத்துக்கு வந்த குழந்தை ஒன்று உள்ளே போய் மயங்கி விழுந்தால் மண்டபத்தின் பேர் என்ன ஆகும் என்று கேட்டேன். நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்றோடு ஆசிட் வாங்குவதை நிறுத்தினார். பிளீச்சிங் பவுடர் மட்டும், தண்ணீரில் கரைத்து. அதோடு தேய்க்கப் புதிதாக ஒரு பிரஷ். எந்த வழியாக வந்தால் என்ன, வேலை நடந்தால் சரி என்று நினைத்துக்கொண்டேன்.

பங்குனிக்குள் அம்மாவின் இருமல் குறைந்தது. ராத்திரியில் தூங்கினாள். அந்த வருஷத்துப் பிள்ளைகளுக்குப் பரீட்சைக்கு முன் திருப்புதல் நடத்தியபோது பிளீச்சிங் பவுடர், ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று எழுதி அம்புக்குறி போட்டேன். வழக்கம்போல் "தண்ணி!" என்று கத்தினார்கள். கால்சியம் குளோரைடு, தண்ணீர், குளோரின். அன்றைக்கு அவர்கள் சொன்னதும் ஓரளவு சரிதான். குளோரினுக்குக் கீழே இரண்டு கோடு போட்டு, இதை உங்கள் வீட்டில் அம்மாவிடம் போய்ச் சொல்லுங்கள் என்றேன். எனக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. படித்த படிப்பு வீட்டுக்கு உதவிவிட்டது என்று நினைத்தேன்.

வைகாசியில் ஒரு நாள் மத்தியானம் மேனேஜர் போன் செய்தார். "டீச்சர், அம்மா பாத்ரூம்ல விழுந்துட்டாங்க, சீக்கிரம் வாங்க." பள்ளிக்கு விடுமுறை, வீட்டில்தான் இருந்தேன். திருப்புலிவனம் தாண்டி உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். பக்கத்து வீட்டுப் பையனின் வண்டியில் ஏறி எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று நினைவில்லை. அம்மாவை நடைவழியில் கிடத்தியிருந்தார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. வாயோரம் நுரை. அவள் புடவையிலிருந்தே அந்த நெடி வந்தது. மேடையில் ஒருவன் மைக்கைத் தட்டித் தட்டிச் சோதித்துக்கொண்டிருந்தான். வாசலில் மாலையும் வாழைமரமும் வந்து இறங்கிக்கொண்டிருந்தன.

எல்லார் முன்னாலும் மேனேஜரைக் கிழித்துவிட்டேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டு, "சத்தியமா நான் வாங்கித் தரல டீச்சர். நீங்க சொன்னதுலேந்து ஒரு பாட்டில் கூட வாங்கல" என்றார். புளுகுகிறார் என்றுதான் நினைத்தேன். ஆம்புலன்ஸில் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே போனேன்.

சில நாள் கழித்து, முகத்திலிருந்து ஆக்ஸிஜன் முகமூடியைக் கொஞ்ச நேரம் எடுத்துவைத்திருந்தபோது அம்மாவே சொன்னாள்.

"அவர ஏசாத. நாந்தான் வாங்கினேன்."

"எத?"

"ஆசிட்டு. தெருவுல வண்டில வித்துக்கினு வர்றவன்கிட்ட. எங்காசுல."

எனக்குப் புரியவில்லை. நான் சொன்னதெல்லாம் மறந்துவிட்டதா என்று கேட்டேன். தலையை ஆட்டினாள். ஒன்றும் மறக்கவில்லை. பிறகு ஒவ்வொரு வார்த்தையாக, இடையில் மூச்சுக்கு நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

அவள் விழுந்த நாளுக்கு முந்தைய முகூர்த்தம் எங்கள் ஊர்க்காரர்கள் வீட்டுக் கல்யாணம். ஊர்த்தெருவில் நிலபுலம் உள்ள குடும்பம், நாங்கள் காலனி. அவர்கள் கழனியில் அம்மா எத்தனையோ போகம் நாற்று நட்டிருக்கிறாள். பெண்ணின் தாயார் சாயங்காலமே உறவுக்காரப் பெண்களோடு வந்து மண்டபத்தைச் சுற்றிப் பார்த்திருக்கிறார். கழிவறை வாசலில் நின்று மோந்து பார்த்திருக்கிறார். அங்கே துடைப்பத்தோடு நின்ற அம்மாவை அடையாளம் தெரிந்தது. "நெடியே இல்ல. சொம்மா தண்ணிய ஊத்திட்டு வந்துட்டியாடி? காலனில இருக்கற மாதிரியே இங்கியும் இருந்துட்டா ஆச்சா?" என்று கேட்டிருக்கிறார். கூட வந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள்.

"நான் கையால தேச்சு வெச்சிருந்தேன்டி" என்றாள் அம்மா. "மொகம் பாக்கலாம், அப்டி இருந்துச்சு. அவங்க உள்ள எட்டிக்கூட பாக்கல. வாசல்ல நின்னு மோந்துட்டுப் போயிட்டாங்க."

அப்போதுதான் அவள் அழுதாள். விழுந்ததற்கோ வலிக்கோ அழாதவள் அதற்கு அழுதாள். அழுதால் மூச்சு இழுக்கும் என்று நர்ஸ் ஓடிவந்து மறுபடி முகமூடியைப் போட்டுவிட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று நினைத்துப் பார்த்தேன். பவுடரும் ஆசிட்டும் சேர்ந்தால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். அது நுரையீரலில் போய் என்ன செய்யும் என்றும் தெரியும். அம்மாவுக்கும் அதெல்லாம் தெரிந்துதான் இருந்தது. தெரிந்தே, ஒருத்தி வாசலில் நின்று சொன்ன சொல்லுக்காக, தன் காசைக் கொடுத்து அதை வாங்கி, ஜெனரேட்டருக்குப் பின்னால் ஒளித்துவைத்து, நெடி வெளியே வாசல் வரைக்கும் வர வேண்டும் என்று வழக்கத்தைவிட நிறைய ஊற்றியிருக்கிறாள். இதை எந்த வகையில் சேர்ப்பது? நான் படித்த எதிலும் இதற்கு இடமில்லை.

வீட்டுக்கு அழைத்து வந்தேன். ஆனால் போன அம்மா திரும்பி வரவில்லை. வாசலிலிருந்து குழாயடிக்குப் போவதற்குள் உட்கார இடம் தேடினாள். ஒரு வாக்கியத்தை முடிக்க அவளுக்கு இரண்டு மூச்சு வேண்டியிருந்தது. நெஞ்சுக்குள் வடுவாகிவிட்டது, இனி பழையபடி ஆகாது, காலத்துக்கும் மருந்து இழுக்க வேண்டும் என்று டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். நடக்கும்போது பேசவிடாதீர்கள், தேவையில்லாத பேச்சே வேண்டாம் என்றார். மண்டபத்துக்கு வேறொரு பெண் வேலைக்கு வந்துவிட்டாள். அம்மா பாதி நாள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருப்பாள். என்னம்மா யோசனை என்று கேட்டால் ஒன்றுமில்லை என்று கையை அசைப்பாள். அந்தக் கல்யாணத்து வாசலிலேயே அவள் நின்றுகொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

ஐப்பசியில் ஒரு நாள் செங்கல்பட்டில் டாக்டரைப் பார்த்துவிட்டு உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். மழை தூறிக்கொண்டிருந்தது. மருந்துக்கடையில் அம்மாவை ஸ்டூலில் உட்கார வைத்து, இழுக்கிற மருந்தை வாங்கிக்கொண்டிருந்தேன். அந்தக் கல்யாணப் பெண்ணின் தாயார் ஒரு காரிலிருந்து இறங்கி அதே கடைக்கு வந்தார். அம்மாவைப் பார்த்ததும் நின்றார்.

"இன்னாடி, இப்படி எளைச்சுப் போயிட்ட? மண்டபத்துல இப்ப நீ இல்லியாமே?"

அம்மா ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றாள். வேண்டாம் என்று நான் தோளைப் பிடித்தும் நின்றாள்.

"போன வாரம் எங்க கொழுந்தன் வூட்டு விசேஷத்துக்கு அங்க வந்தேன். கால வெக்க முடியல போ. இப்ப வர்றவ கழுவறாளா இன்னான்னே தெரியல. உன்னாட்டம் சுத்தமா வெச்சுக்கறதுக்கு யாரால ஆவும்? எம்பொண்ணு கல்யாணத்தப்ப எப்டி பளிச்சுனு இருந்துச்சு!"

தான் சொன்ன சொல் அவருக்கு நினைவிலேயே இல்லை. அந்தச் சொல்லுக்கு எங்கள் வீட்டில் என்ன விலை கொடுத்தோம் என்று நடுத்தெருவில் நிற்க வைத்துக் கேட்டிருப்பேன். அதற்குள் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்த்தேன். வைகாசிக்குப் பிறகு அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. "ஆமாம்மா, ஆமாம்மா" என்று சின்னப்பிள்ளை போலத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். அவர் மாத்திரையை வாங்கிக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார்.

ஷேர் ஆட்டோவில் ஓரமாக உட்கார வைத்து, தூறல் படாமல் துண்டைப் போர்த்திவிட்டேன். வண்டி கிளம்பியதும் அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"கேட்டுக்கினியா? அந்த அம்மாவே... சொல்லிட்டாங்க."

"கேட்டேம்மா."

"பளிச்சுனு... இருந்துச்சாம்."

பேசக் கூடாது என்று டாக்டர் சொன்னதை நான் சொல்லவில்லை. ஊர் வரும் வரைக்கும், மூச்சு இழுக்க இழுக்க, அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.