ஆம்பூர் தம்பி நாளை வரமாட்டான்

தயவுசெய்து இதை யாருக்கும் காட்டாதீர்கள். இது நம் சைக்கிள் குரூப்பை விட்டு வெளியே போக வேண்டாம்.

ஜோலார்பேட்டை தேவராஜ் அண்ணன் இறந்துவிட்டார் என்று இப்போதுதான் படித்தேன். நெஞ்சுவலியாம்... போன வாரம்கூட என்னோடு சண்டை போட்டாரே.

வழக்கமான சண்டைதான். ரோடு பைக்குக்கு ரிம் பிரேக்கா, டிஸ்க் பிரேக்கா?

நான் டிஸ்க் கட்சி. மழையில் ரிம் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும், சக்கரத்தின் நடுவில் இருக்கிற டிஸ்க்குக்கு அந்தக் கவலை இல்லை என்பேன். "வெயிட் ஜாஸ்தி தம்பி. வழியில மக்கர் பண்ணா வாணியம்பாடில எவன் பாப்பான்?" என்பார்.

ஒருநாள் எழுதினார். "இன்னா தம்பி, தோல் ஊர்ல இருந்துகினு மழைக்கு பயப்படற? உன் ஸ்டீல் ரிம்முக்கு பிரேக் கட்டை மேல சோல் தோல் ஒட்டிப் பாரு."

அப்பா ஷூ கம்பெனியிலிருந்து கொண்டுவந்த துண்டுத் தோலை ஒட்டினேன். அடுத்த மழையில் சைக்கிள் கீச்சென்று கத்திக்கொண்டே நின்றது.

"அப்போ நம்ம கட்சிக்கு வந்துடு" என்றார்.

"ஸ்டீல் ரிம்முக்கு சரி. உங்க அலுமினிய ரிம்முக்கு?"

"விடமாட்டியே தோஸ்த்!"

உண்மையில் நான் டிஸ்க் பிரேக்கைத் தொட்டதே இல்லை. என்னிடம் இருப்பது லேடீஸ் சைக்கிள்.

நான் தம்பி இல்லை. பிளஸ் ஒன் படிக்கிற பெண். என் கூடப் பிறந்த அண்ணனின் கம்ப்யூட்டரில், பையன் பெயரில் எழுதுகிறேன். அப்பாவுக்குத் தெரிந்தால் படிப்பே நின்றுவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவராஜ் அண்ணன், டிஸ்க் பிரேக் வைத்த சைக்கிளை யாரிடமோ இரவல் வாங்கி ஆம்பூர் ஸ்டேஷன் வரை ஓட்டி வந்தார். எனக்காக. "ஒருவாட்டி புடிச்சுப் பாத்துட்டு அப்புறம் பேசு தம்பி."

சர்ச் முடிந்து அம்மாவோடு அந்த வழியாகப் போனேன். சிவப்பு ஹெல்மெட்டோடு நின்றிருந்தார். போகிற வருகிற பையன்களின் முகத்தையெல்லாம் பார்த்துக்கொண்டு...

நான் நின்று அந்த டிஸ்க்கையே பார்த்தேன்.

"இன்னா பாப்பா, தொட்டுப் பாக்கறியா?" என்றார்.

அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். "யாருடி அந்த ஆளு?"

"தெரியாதும்மா."

எனக்கு ஜுரம், அதனால்தான் வரவில்லை என்று அவருக்கு எழுதினேன். "பரவால்ல தம்பி. உடம்பப் பாத்துக்கோ. இன்னொரு ஞாயிறு வர்றேன்."

நாளை காலை அடக்கம். 'ஆம்பூர் தம்பி கண்டிப்பாக வரணும்' என்று எல்லோரும் எழுதியிருக்கிறீர்கள். என்னால் வர முடியாது. அங்கே நீங்களும் பையன்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம்... அதற்காகத்தான் சொல்கிறேன்.

போய் வாருங்கள் அண்ணா. அன்றைக்கு ஸ்டேஷனில் நின்ற அந்தப் பாப்பா...

கதவைத் தட்டுகிறார்கள்