‘மட்டும்’ போட்ட பூட்டு

காசு வாங்காமல் ஊருக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கும் தொழிலில் சம்பளம் கிடையாது, ஆனால் வக்கீல் வேலை நிச்சயம் உண்டு. என்னைப் போல் மாட்டிக்கொண்டவர்களே, நியாயத்தை நீங்களே சொல்லுங்கள்.

பத்திர வாசனை

பார்வையில்லாத எங்கள் தோழி கண்மணிக்காக, பாடத்தை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருளை நானும் பாலக்கரை பஷீரும் எழுதினோம். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்பதற்கு ஓர் உரிமம் வேண்டும். அந்த உரிமத்துக்கும் பதிப்புகள் உண்டு. ‘இரண்டாம் பதிப்பு, அல்லது பிறகு வரும் எதுவும்’ என்று எழுதிவிட்டால், புதுப் பதிப்பு வரும்போது யாரையும் கேட்காமல் மாறிக்கொள்ளலாம்.

அந்த உரிம வரியை எழுதியது பஷீர். அவன் அத்தா பத்திரம் எழுதுகிறவர். அந்த வீட்டில் எண்ணுக்குப் பின்னால் ‘மட்டும்’ போடாவிட்டால் எவனாவது பூஜ்யம் சேர்த்துவிடுவான் என்ற பயம் ரத்தத்திலேயே உண்டு. ‘பதிப்பு 2 மட்டும்’ என்று முடித்துவிட்டான். அவன் அத்தா மாதிரியே தொண்டையைச் செருமி, அவர் குரலிலேயே ஏன்டா என்று கேட்டேன். கொஞ்சமும் அசரவில்லை.

“இன்னும் எழுதாத பத்திரத்துக்கு எவன்டா இன்னைக்கே கைநாட்டு வைப்பான்?”

ஸ்ரீரங்கத்துப் பிடிவாதம்

எங்கள் மென்பொருளின் குரல் தகர டப்பாவை ரோட்டில் இழுத்த மாதிரி. பரீட்சை நெருங்குகிறது, இதைக் கேட்டால் படித்ததும் மறக்கிறது என்றாள் கண்மணி. ஸ்ரீரங்கம் வரதன் மாமா எழுதிய குரல் நிரல் தேன். ஆனால் அதன் உரிமம் மூன்றாம் பதிப்பு, இரண்டில் இருந்த சட்ட ஓட்டைகளை அடைத்து வந்தது. ‘இரண்டு மட்டும்’ என்பதோடு அதைச் சேர்த்து ஒன்றாக்கி யாருக்கும் கொடுக்க முடியாது, நிபந்தனைகள் முட்டும்.

உங்களுடையதை இரண்டிலும் விடுங்களேன் என்று கெஞ்சினேன். மாமா கண்ணாடியைத் துடைத்தார்.

“மூணுல அடைச்ச ஓட்டையை உனக்காக ரெண்டுல திறந்து விடணுமா? அடியேனால ஆகாதுப்பா.”

தொட்டியத்துச் சம்மதம்

சரி, நம் ‘மட்டும்’ஐ எடுப்போம் என்றால், எழுதிய அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டுமாம். பஷீரைக் கண்மணி ஒரு பிடி பிடித்ததும் வழிக்கு வந்தான். மிச்சம், எண்களைப் படிக்கும் பகுதியைப் பின்னால் எழுதிச் சேர்த்த தொட்டியம் செல்வி அக்கா. வாழைத்தார் லோடு ஏற்றிக்கொண்டே பேசினார். மூன்றாம் பதிப்பு சரி. பிறகு வருவதை எவன் எழுதுவானோ, அதற்குச் சம்மதமில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலாவது வந்தால் மறுபடி வீடு வீடாகப் பிச்சையா? மூன்றாம் பதிப்பிலேயே ஒரு வழி இருந்தது: ஒரு ஆளை நியமித்தால், புதுப் பதிப்பை அவர் ஏற்பதாக ஊரறியச் சொன்னால் போதும், எல்லோருக்கும் செல்லும். அந்த ஆள் நான்தான் என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். அக்கா சிரித்தார்.

“நீயா? என் குரல்லயே ஊருக்கெல்லாம் சரின்னு சொல்லிடுவ. கண்மணியைப் போடு, அவகிட்டதான் உன் மிமிக்ரி எடுபடாது.”

ஆக, கண்மணி இப்போது தேன் குரலில் பாடம் கேட்கிறாள், இன்னும் பிறக்காத நாலாம் பதிப்பின் பெயரைச் சொல்லி எங்கள் மூவரையும் இப்போதே மிரட்டிக்கொண்டிருக்கிறாள்.