அக்கா வீட்டு மாவிலை

இலையைக் கிள்ளியதும் அக்கா முதலில் அதைத் திருப்பித்தான் பார்ப்பார். மேற்புறம் கரும்பச்சை. தடித்து, நீண்டு, நுனி கூராகி, அச்சொட்டாக ஒரு சின்ன மாவிலை. கீழ்ப்புறம் மட்டும் பொன்னிறம். தேய்த்தால் விரலில் மஞ்சளாக ஏதோ ஒட்டும். "மற்ற இலைக்கெல்லாம் நாங்கள்தான் மஞ்சள் பூசோணும். இது தானே பூசிக்கொண்டு வருது" என்பார். ஈரத்தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு, குளிரில் உதடு நடுங்க, அவர் அந்த மரத்தடியில் நின்றதைத்தான் இன்று நினைத்துக்கொள்கிறேன்.

அக்காவின் வீடு தெற்கு லண்டனில் மிச்சம் என்ற ஊரில், டிராம் பாதைக்கு அருகே ஒரு வரிசை வீடு. ஒன்றோடொன்று ஒட்டிய வீடுகள் என்பதால் தெருவிலிருந்து பின்வளவு தெரியாது. அந்த வீட்டை அத்தான் உயிரோடு இருந்தபோது ஒரு வெள்ளைக்காரப் பெரியவரிடமிருந்து வாங்கினார்கள். அவர் இளவயதில் அமெரிக்காவின் மேற்குக்கரை மலைக்காடுகளில் வேலை செய்தவர். அங்கிருந்து கொண்டுவந்த விதையில் இரண்டு மரங்களை வளர்த்திருந்தார். ஒன்று குசினிக் கதவருகில், மற்றது கடைசி வேலியோரம். வீட்டுத் திறப்பைக் கையில் கொடுக்கும்போது அவர் சொன்னது இதுதான்: இவை கோடையில் மழை காணாத மலைகளில் பிறந்தவை, பாவம் பார்த்துத் தண்ணீர் ஊற்றிக் கொன்றுவிடாதீர்கள். அந்தப் பக்கத்து மண்ணும் பரல் மண், தண்ணீர் நிற்காது. அதனால்தான் அவை தப்பியிருக்க வேண்டும்.

நான் அப்போது மரம் வெட்டும் கொம்பனி ஒன்றில் கயிறு கட்டி ஏறுகிற வேலை செய்துகொண்டிருந்தேன். இரண்டு மரங்களிலும் ஒவ்வோர் இலை கொண்டுபோய் மேற்பார்வையாளரிடம் காட்டினேன். குசினிப் பக்கத்து இலையைப் பார்த்து, இது சிங்கபின், ஓக் மரத்துக்கும் செஸ்நட் மரத்துக்கும் சொந்தக்காரன் என்றார் அவர். பசிபிக் கரைப் பக்கம் இது வானத்தைத் தொடுகிற மரமாம். உயரப் போகப்போக, பனி விழும் சரிவுகளில், இதன் இனம் முழங்காலளவு புதராகிவிடுமாம். அங்கே அதைப்போலவே குறுகிப்போன பசுமை மாறாத ஓக் புதர்களோடு சேர்ந்து, மாரி முழுக்கப் பனியின் கீழ் நசுங்கிக் கிடந்துவிட்டு, வெயில் வர நிமிர்ந்துகொள்ளுமாம். வேலியோரத்து மரமும் அந்த மலைகளுடையதுதானாம், பள்ளத்தாக்குப் பாறைகளில் வளரும் ஓக். அதில் ஒரே கொப்பில் சில இலைகளுக்கு முள் இருக்கும், சிலவற்றுக்கு இராது. காய் முற்ற இரண்டு வருடம் எடுக்கும். இவ்வளவையும் அக்காவிடம் வந்து ஒப்புவித்தேன். அவர் அரிசி களைந்துகொண்டே கேட்டார்.

"பேர் என்னவெண்டாலும் இருக்கட்டும். கும்பத்தில வைச்சா வடிவா நிக்குது. அது போதும்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. தைப்பொங்கலுக்கும் தைமாதக் கலியாணங்களுக்கும் எங்கள் சனத்துக்கு இலை தேவைப்படும் நேரத்தில்தான் லண்டன் மரங்கள் வெறுங்கொப்பாக நிற்கும். பக்கத்து டூட்டிங் கடைகளில் மாவிலை கிடைக்கும். ஆனால் விமானத்தில் வந்து, பிளாஸ்டிக் பைக்குள் வியர்த்து, ஓரம் கறுத்துப் போயிருக்கும். அக்காவின் மரமோ எந்த மாதமும் பச்சை. கும்பத்தில் வைத்த இலை ஒரு கிழமைக்கும் வாடாது. முதலில் இரண்டு வீட்டுக்காரர் கேட்டார்கள். பிறகு கலியாணம், புதுவீடு குடிபூரல், செத்தவீட்டு அந்தியேட்டி, எதுவென்றாலும் மிச்சத்துச் சனம் அக்கா வீட்டு மணியை அடித்தது. அது மாமரமில்லை என்று யாருக்கும் தெரியாது. தெரிந்தவர்களும் பெரிதுபடுத்தவில்லை.

அக்காவுக்கு ஒரு முறை இருந்தது. குளிக்காமல் மரத்தில் கை வைக்கமாட்டார். விளக்கு வைத்த பிறகு கிள்ளமாட்டார். வேறு யாரையும் கிள்ள விடவும் மாட்டார். ஆகவே இலைக்கு வந்தவர்கள் முன்னறையில் காத்திருக்க வேண்டும். அவர்களுக்குத் தேத்தண்ணி வைத்துக் கொடுத்துவிட்டு மாடிக்குக் குளிக்கப் போவார். குளித்து, பின்னுக்குப் போய், இலையோடு வந்த பிறகும் ஒருவரும் எழும்பமாட்டார்கள். பிள்ளைகளின் படிப்பு, ஆரோ ஒருவரின் சம்பந்தம் குழம்பினது, முழங்கால் நோவுக்கு என்ன எண்ணெய் நல்லது என்று கதை நீளும். அத்தான் போனபிறகு அந்த வீட்டில் குரல் கேட்டது இப்படித்தான். இலைக்கு வந்து அக்காவை விசாரித்தார்களா, அக்காவை விசாரிக்க வந்து இலை கேட்டார்களா என்று நான் யோசித்ததில்லை. வேலை முடிந்து தோள் இற்றுப்போய் வந்து, அந்தச் சத்தத்துக்குள் கண்ணயர்ந்துவிடுவேன்.

அக்காவுக்கு ஒரே மகன். அவன் கலியாணம் செய்தபோது, பின்னால் ஓர் அறை கட்டினால் பெண்ணோடு அம்மாவுடனேயே இருக்கலாம் என்றான். மனதாரத்தான் சொன்னான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அறை வரவேண்டிய இடத்தில் சிங்கபின் நின்றது. கவுன்சிலில் கேட்டோம், வெட்டத் தடையில்லை. நான் அப்போது சொந்தமாக ஒரு வான் வண்டி வைத்து வேலை செய்யத் தொடங்கியிருந்தேன். வேலியோரத்து ஓக்கை வெட்டிவிட்டு அங்கே கட்டலாமே, அறையைக் கொஞ்சம் தள்ளிக் கட்டலாமே என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். வளவு ஒடுங்கல், ஒன்றும் சரிவரவில்லை. இரண்டு நாள் கழித்து அக்கா, "பிள்ளை பக்கத்தில இருக்கிறதெண்டா மரம் என்னத்துக்குத் தம்பி? நீயே வந்து வெட்டு. வேற ஆக்களை விடாத" என்றார்.

வெட்டுகிற காலை, குளித்துவிட்டு வந்து மரத்தடியில் கற்பூரம் கொளுத்தினார். மஞ்சள் தண்ணீர் தெளித்தார். அடிமரத்தில் உள்ளங்கையை வைத்து என்னவோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. நான் எத்தனையோ மரம் வெட்டியவன், இன்னொருவர் வீட்டு மரமென்றால் கை தன் பாட்டுக்கு வேலை செய்யும். அன்று மரம் அறுக்கும் வாளின் சத்தம் எனக்கே எரிச்சலாக இருந்தது. காய்கள் முள்ளுமுள்ளாக உருண்டு கையுறையையும் மீறிக் குத்தின. பிளந்து பார்த்தேன், உள்ளே பருப்பில்லை. துணைக்கு அதே இனத்தில் இன்னொரு மரம் இல்லாவிட்டால் இப்படித்தான் சப்பியாகப் போகுமாம். அக்கா இலைகளைக் கொத்துக்கொத்தாகக் கட்டி பிரிட்ஜ் நிறைய அடுக்கினார்.

அறை நன்றாக வந்தது. பெரிய கண்ணாடிக் கதவு, புதுக் கட்டில், சுவரில் அக்கா தேர்ந்தெடுத்த இளநீலம். சுவர் காய்வதற்குள் மருமகளுக்கு மான்செஸ்டர் வைத்தியசாலை ஒன்றில் வேலை கிடைத்தது. ஒரு வருடம் மட்டும் என்று போனார்கள். அங்கே பிள்ளை பிறந்தது, வீடும் வாங்கினார்கள். அவர்களில் பிழை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாங்களும் பெற்றவர்களை விட்டு நாடு நாடாக வந்தவர்கள்தானே. பள்ளி விடுமுறைகளில் வந்து அந்த அறையில் தங்கிப் போவார்கள். மற்ற நாள்களில் கட்டிலின்மேல் விரிப்பு மடிப்புக் குலையாமல் கிடக்கும்.

இதற்குப் பிறகு நடந்தது எனக்கு நெடுநாள் தெரியாது. ஒரு சனிக்கிழமை அக்காவின் குழாய் ஒழுக்கைப் பார்க்கப் போயிருந்தேன். ஊரில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த, இரண்டு தெரு தள்ளியிருக்கும் ரீச்சர் இலைக்கு வந்து முன்னறையில் இருந்தார். அக்கா தேத்தண்ணி கொடுத்தார். வழக்கம்போல மாடிக்குப் போய்க் குளித்துவிட்டு வந்து, பின்னுக்குப் போனார். எந்த மரத்தில் கிள்ளப் போகிறார் என்று விளங்காமல் நானும் பின்னால் போனேன். அக்கா அந்தப் புது அறைக்குள், கதவை ஒருக்களித்துவிட்டு, ஈரத்தலையோடு சும்மா நின்றுகொண்டிருந்தார். கையில் டூட்டிங் கடை மாவிலை. பை கிழித்து, துடைத்து, கறுத்த ஓரங்களைக் கத்தரிக்கோலால் நறுக்கி வைத்திருந்தார். மரத்தில் கிள்ளி வர எவ்வளவு நேரம் எடுக்குமோ அவ்வளவு நேரமும் அப்படி நின்றார். என்னைக் கண்டதும் சுட்டுவிரலை உதட்டில் வைத்தார். எனக்குக் கோபம் வந்தது, யாரில் என்றுதான் தெரியவில்லை.

முன்னறையில் ரீச்சர் இலையை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"முந்தி மாதிரி இல்லையப்பா. போனமுறை அண்டைக்குப் பின்னேரமே கறுத்துப் போச்சு. மரத்துக்கு ஏதும் வருத்தமோ?"

"ஓம் ரீச்சர், அதுக்கும் வயசு போட்டுது" என்றார் அக்கா. "நீங்கள் வாங்கோ, வேணுமெண்ட நேரம் வாங்கோ. இருக்கிறதைத் தருவன்."

அடுத்த கிழமையிலிருந்து, வேலைக்கு டூட்டிங் பக்கம் போகிற நாள்களில், நானே ஒரு பை வாங்கிக் கொண்டுபோய்க் குசினியில் வைக்கத் தொடங்கினேன்.

அக்கா போன மாரியில் தவறிப்போனார். அந்தியேட்டியைக் கோயில் மண்டபத்தில் செய்தோம். அதற்கு முதல்நாள் ரீச்சர் போன் எடுத்தார். "தம்பி, இலைக்கு ஓடித் திரியாதேங்கோ. அக்கான்ர மரம் நிக்குதுதானே, அதில ஒரு கொத்து முறிச்சுக்கொண்டு வாங்கோ. அவவுக்கும் அதுதான் விருப்பமா இருக்கும்" என்றார். நான் ஓம் ரீச்சர் என்றேன். தோள் நோவோடு வானை எடுத்துக்கொண்டு டூட்டிங்குக்குப் போய், ஐந்து கடை ஏறி, இருந்ததில் பச்சையான பையைத் தேடி வாங்கினேன். வானுக்குள் இருந்தபடியே ஒவ்வொன்றாகத் துடைத்தேன்.

கிரியை முடிந்து சனம் கலையும்போது ரீச்சர் மகனிடம் வந்தார். கும்பத்து இலையைத் தொட்டுக் காட்டி, "பாருங்கோ தம்பி, உங்கட அம்மான்ர மரத்து இலை. மிச்சத்தில நல்ல காரியம், கெட்ட காரியம் எல்லாத்துக்கும் இதுதான். வீட்டை வித்தாலும் அந்த மரத்தை மட்டும் வெட்ட விடாதேங்கோ" என்றார். மகன் என்னைப் பார்த்தான். அவன் கண் நிறைந்துவிட்டது. குனிந்து ரீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு, தாய் சொல்வதைப் போலவே சொன்னான்.

"ஓம் அன்ரி. நீங்கள் வேணுமெண்ட நேரம் வாங்கோ."