கல் சுமந்து ஒரு பயிற்சி

அடுத்த மாதம் இமயமலையில் பத்து நாள் நடக்கப் போகிறோம். அதற்குப் பயிற்சியாக நானும் சக ஆசிரியர் தேவராஜும் முதுகுப்பை நிறையக் கருங்கல்லை அடைத்துக்கொண்டு பல்லாவரம் மலையில் ஏறுகிறோம். பாதி வழியில், இயற்கையை ரசிப்பதாகச் சொல்லி, தேவராஜ் மூன்றாவது முறையாக உட்காருகிறார். தலைக்கூடையில் ஜல்லியோடு இறங்கி வரும் குவாரித் தொழிலாளிப் பெண் எங்கள் எதிரே நிற்கிறாள்.

“பையில இன்னா சார்?”

“கல்லு,” என்கிறேன்.

“கல்லா? நாங்க கீய எறக்கினு கீறோம், நீ மேல ஏத்தினு போறியா?”

“இமயமலைக்குப் போறோம்மா. அதுக்குத்தான்.”

“ஏன் சார், அங்க கல்லு கெடைக்காதா?”

கேலி இல்லை, உண்மையான கவலை.

“அவங்க கேக்கறது நியாயம்தான் சார்” என்று தேவராஜ் பையைத் திறந்து கற்களை வெளியே எடுத்து வைக்கிறார். காலையிலிருந்து அவர் சுறுசுறுப்பாகச் செய்யும் முதல் வேலை இதுதான்.