காதக்கா கேட்ட ஹார்ன்

ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில், எக்ஸ்ரே அறையைத் தாண்டி நடைபாதை முடிகிற இடத்தில் காது சோதிக்கும் அறை இருக்கிறது. அதற்குள் இன்னொரு சின்ன அறை. ஒருவர் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். சுவரெல்லாம் பஞ்சுப் பலகை, கதவு ஒரு சாண் கனம். சாத்திவிட்டால் வெளியுலகம் அறுந்துபோகும். அந்த அறையின் கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்து வேலை பார்த்த பெண்ணை டாக்டர்கள் முதல் துப்புரவுக்காரர்கள் வரை எல்லோரும் காதக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

வருகிறவர் தலையில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுப்பார். "சத்தம் எவ்வளவு மெல்லிசா கேட்டாலும் அமுக்குங்க. கேக்கலன்னா அமுக்காதீங்க. ஊகிச்செல்லாம் அமுக்கக் கூடாது, இது பரீட்சை இல்ல" என்பார். சிலர் சத்தமே கொடுக்காதபோதும் அமுக்குவார்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை என்பது காதக்காவுக்குத் தெரியும். நிசப்தத்தில் காத்திருக்கும் மனிதனுக்கு, காதே எதையாவது செய்து கொடுத்துவிடும். அப்படிப்பட்டவர்களின் காகித ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்ன வட்டம் போட்டுவைப்பார்.

அவருடைய கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி வெட்டிச் சாணை பிடிக்கிறவர். கல்யாணத்தன்றே உறவுக்காரர்கள், "கண்ணும் காதும் ஜோடி சேந்தாச்சு, இனி மூக்குக்குத்தான் ஒரு இடம் பாக்கணும்" என்று கேலி செய்தார்கள். மூக்கு என்றால் கணவரின் தங்கை. எல்லார் விஷயத்திலும் மூக்கை நுழைப்பவள் என்பதால் வந்த பெயர். அவளுக்கு அதில் வருத்தமொன்றும் இல்லை. "நுழைக்கறதுக்கு எனக்கு மூக்காவது இருக்கு" என்பாள்.

அந்த மூக்குக்குத் தொலைதூர ஊர் ஒன்றில் வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, மலைமேல் இருக்கும் தேசியப் பூங்காவைக் காரிலேயே சுற்றிவிட்டு வரலாம் என்று அவள்தான் பிடிவாதம் பிடித்தாள். காலை எட்டரைக்கு மூவரும் மேற்கு வாசலில் இருந்தார்கள். வாசல் காவலர் வண்டி எண்ணையும் நேரத்தையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

"அறுபது கிலோமீட்டர். அஞ்சு மணிக்குள்ள கிழக்கு வாசல்ல சீட்டக் குடுத்துடுங்க. எங்க வேணா நிறுத்தலாம், தடுப்புச் சுவரத் தாண்டாதீங்க. ஹார்ன் மட்டும் அடிக்கவே கூடாது சார், மிருகங்க மிரண்டுடும்."

முதல் காட்சிமுனையில் இறங்கியபோது பள்ளத்தாக்கு முழுக்க மேகம் நிரம்பிக் கிடந்தது. பாலாடைபோல அசையாமல் இருந்தது. மூக்கு படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் காதக்கா அதை முதலில் கேட்டார். வெகு தூரத்தில் ஒரு கார் ஹார்ன். சின்னதாக இரண்டு, நீளமாக ஒன்று. கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் அதே.

"யாரோ ஹார்ன் அடிக்கிறாங்க. அடிக்கக் கூடாதுன்னு சொன்னாரே?"

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே அண்ணி."

"ஞாயித்துக்கெழமையும் டூட்டியா உனக்கு? வா, வண்டில ஏறு" என்றார் கணவர்.

அடுத்து நிறுத்தியது பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, ஒரு முழு மலைக்கு அந்தப் பக்கம். சின்ன ஏரி. கரையில் சிமெண்ட் பெஞ்சுகள். ரொட்டியும் அவித்த முட்டையும் எடுத்து வைத்துச் சாப்பிட உட்கார்ந்தார்கள். பக்கத்துப் பெஞ்சில் இன்னொரு குடும்பம் பந்து எறிந்து விளையாடிக்கொண்டிருந்தது. காதக்கா முட்டையை உரித்துக்கொண்டிருந்தார். சின்னதாக இரண்டு, நீளமாக ஒன்று.

அவர் கை அப்படியே நின்றுவிட்டது. சத்தம் கேட்டதால் அல்ல. அது கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்பதால். தூரம் கூடினால் சத்தம் தேயும், மலை குறுக்கே வந்தால் மங்கும். அதுதான் அவர் படித்த படிப்பு, தினம் பார்த்த வேலை. இது முதல் இடத்தில் கேட்ட அதே அளவில், அதே தூரத்தில் கேட்டது. கூடவே வருவதுபோல.

பக்கத்துக் குடும்பத்துப் பெண்ணிடம் போய் விசாரித்தார். அவள் கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, உதட்டைப் பிதுக்கினாள். காதக்கா திரும்பி வந்து, இரண்டு காதிலும் விரலை வைத்து இறுக்க அடைத்துக்கொண்டார். காதுக்குள்ளேயே பிறக்கிற இரைச்சலாக இருந்தால், அடைத்ததும் அது இன்னும் பெரிதாகக் கேட்கும். ஒன்றும் கேட்கவில்லை. விரலை எடுத்தார். ஹார்ன் கேட்டது.

அப்படியானால் அது வெளியில்தான் இருக்கிறது. வெளியில் இருக்கிற சத்தம் இப்படிக் கேட்க வழியில்லை. பாதி உரித்த முட்டையைச் சாப்பிடாமலேயே மூடி வைத்தார்.

வண்டி கிளம்பி, கண்ணாடிகளை ஏற்றிய பிறகும் அது நிற்கவில்லை. மூன்று கிலோமீட்டர் வரை பொறுத்துப் பார்த்தார்.

"ஏங்க, வண்டியத் திருப்புங்க."

"எதுக்கு?"

"யாரோ கூப்பிடறாங்க. நாம தாண்டி வந்துட்டோம்."

கணவர் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தார். "மணி ஒண்ணாகப் போகுது. அஞ்சுக்குள்ள அந்த வாசலுக்குப் போகணும். கேக்காத சத்தத்தத் தேடிட்டு எங்கன்னு போறது?"

யாரும் எதிர்பாராமல் மூக்குதான் பேசினாள். "அண்ணா, திருப்பு. நம்ம வீட்டுல கேஸ் கசிஞ்சப்ப வாசன வர்றதுக்கு முன்னாடியே சத்தத்த வெச்சுக் கண்டுபிடிச்சது யாரு? அண்ணி சும்மா சொல்ல மாட்டாங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே திருப்பினார்.

ஏரியைத் தாண்டியதும் பள்ளத்தாக்கில் கிடந்த மேகம் எழும்பிச் சாலைக்கு வந்துவிட்டது. பட்டப்பகலில் விளக்கைப் போட்டு ஓட்ட வேண்டியிருந்தது. காலையில் கூச்சலிட்ட பறவைகள் ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. காதக்கா கண்ணாடியை இறக்கிவிட்டு, ஒவ்வொரு வளைவிலும் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைக்கச் சொன்னார். ஒவ்வொரு முறையும் கேட்டது. இப்போது மெல்ல மெல்லப் பெரிதாகிக்கொண்டே வந்தது. ஏழாவதோ எட்டாவதோ வளைவில் எஞ்சினை அணைத்தபோது, சின்னதாக இரண்டு கேட்டது. நீளமானதற்காகக் காத்திருந்தார். அது வரவில்லை.

கனத்த கதவைச் சாத்தினாற்போல எல்லாம் அடங்கிவிட்டது. இலையிலிருந்து சொட்டும் நீர்கூடக் கேட்கவில்லை.

"இங்கதான்" என்றார் காதக்கா.

சாலையில் டயர் தேய்ந்த தடம் இல்லை. தடுப்புச் சுவர் முழுசாக இருந்தது. கணவர் சுவரை ஒட்டியே நடந்து போனார். அது முடிந்து அடுத்த சுவர் தொடங்கும் இடத்தில், மழைநீர் வடிவதற்காக ஒரு கார் அகலத்துக்கு இடைவெளி விட்டிருந்தார்கள். அங்கே புல் சாய்ந்திருந்தது. சாய்ந்து, மறுபடியும் நிமிரத் தொடங்கியிருந்தது. அதற்குக் கீழே வெறும் வெள்ளை.

"யாராவது இருக்கீங்களா?" என்று காதக்கா கத்தினார். பதில் இல்லை. மறுபடி கத்தினார். பிறகு கையை உயர்த்தி மற்ற இருவரையும் அசையாமல் இருக்கச் சொன்னார். "இருமல். ஒரு பொம்பளையோட இருமல்."

இருவருக்கும் அதுவும் கேட்கவில்லை. ஆனால் இந்தத் தடவை கணவர் எதிர்த்துப் பேசவில்லை. செல்போனில் சிக்னல் இல்லை. பெண்கள் இருவரையும் அங்கேயே விட்டுவிட்டு, ஆள் கூட்டி வர மேற்கு வாசலுக்கு விரைந்தார்.

அந்த முக்கால் மணி நேரத்தைப் பற்றிக் காதக்கா பிற்காலத்தில் அதிகம் பேசியதில்லை. இரண்டு பேரும் சுவரோரமாகக் கைகோத்து நின்றார்கள். எதிர்ச்சரிவு தெரியவில்லை, சாலை தெரியவில்லை, ஒருவர் முகம் மட்டும் மற்றவருக்குத் தெரிந்தது. அவ்வப்போது காதக்கா கீழே பார்த்துக் குரல் கொடுத்தார். வாய் ஓயாத மூக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. திடீரென்று அவள் பிடி இறுகியது.

"அண்ணி, ஹார்ன் கேக்குதா?"

"இல்ல. அப்பவே நின்னுடுச்சு."

"எனக்கு இப்பக் கேக்குது" என்றாள் மூக்கு. அவள் உதடு வெளுத்திருந்தது. "ரெண்டு சின்னது, ஒரு பெருசு. இங்கயே, காலுக்குக் கீழ."

காதக்கா மூச்சை அடக்கிக் கேட்டார். அவருக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

வனக்காவலர்கள் நாலு பேர் கயிறுகளோடு வந்து இறங்கினார்கள். இருநூறு அடிக்குக் கீழே, இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு கார் சிக்கியிருந்தது. ஓட்டியவர் இறந்திருந்தார். பக்கத்து இருக்கையில் அவர் மனைவி, இரண்டு காலும் முறிந்து, ஜன்னல் கண்ணாடியில் படிந்த பனி ஈரத்தை நக்கி நக்கி உயிரோடு இருந்தார். வெள்ளிக்கிழமை மதியம் உள்ளே வந்த வண்டி. கிழக்கு வாசலுக்கு அந்தச் சீட்டு வந்து சேரவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

தூக்குப்படுக்கையை ஆம்புலன்சில் ஏற்றிய பிறகு, கணவர் மூத்த காவலரிடம் கேட்டார்: "காலைலேருந்து ஹார்ன் அடிச்சிட்டே இருந்திருக்காங்களே, உங்க ஆளுங்க யாருக்குமே கேக்கலையா?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டே விசித்திரமாகப் பார்த்தார். "எந்த ஹார்ன் சார்? முன்பக்கம் மொத்தமா நசுங்கிக் கெடக்கு. பேட்டரி பிச்சுக்கிட்டுப் போய் மேல ஒரு பாறைல கெடக்குது. வர்றப்ப நான்தான் அதுல கால வெச்சு வழுக்கினேன்."

திரும்பும் வழியில் ரேடியோவைப் போடக் கணவர் கையை நீட்டினார், பிறகு எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காதக்கா வேலைக்குப் போனார். மதியம் ஆள் இல்லாத நேரத்தில், தானே அந்தச் சின்ன அறைக்குள் போய் உட்கார்ந்து, கூட வேலை பார்க்கும் பெண்ணை வெளியிலிருந்து சோதிக்கச் சொன்னார். "உங்க வயசுக்குச் சரியா இருக்குக்கா. கீச்சுன்னு வர்ற சத்தம் மட்டும் கொஞ்சம் கொறவா கேக்குது, அவ்வளவுதான்" என்றாள் அவள்.

ஏழு வாரம் கழித்து, தபால் ஆபீஸ் கவுண்டரில் வேலை பார்க்கும் ஒரு பெண்மணியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். விபத்தில் இடது காது ஜவ்வு கிழிந்திருந்தது. காகிதத்தில் விபத்து நடந்த இடத்தைப் படித்ததுமே காதக்காவுக்கு யாரென்று புரிந்துவிட்டது. சொல்லவில்லை. ஹெட்போனை மாட்டி, வழக்கமானதைச் சொல்லி, சோதனையைத் தொடங்கினார். வேண்டுமென்றே இடையிடையே நீண்ட நேரம் சத்தம் கொடுக்காமல் விட்டார். ஒருமுறைகூட அந்தப் பெண்மணி தவறாக அமுக்கவில்லை.

முடிந்ததும், எல்லோரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டார். "காதுக்குள்ள ஏதாவது இரைச்சல், மணி அடிக்கற மாதிரி கேக்குதாம்மா?"

"இப்ப இல்ல. வண்டிக்குள்ள கேட்டுச்சு."

"என்ன கேட்டுச்சு?"

"அவரு ஹார்ன் அடிச்சாரு." அந்த அம்மாள் மடியைப் பார்த்துக்கொண்டு நிதானமாகப் பேசினார். "தெனமும் வேல முடிஞ்சு வாசலுக்கு வந்ததும் அப்படித்தான் அடிப்பாரு. சின்னதா ரெண்டு, பெருசா ஒண்ணு. கதவத் தெறன்னு அர்த்தம். விழுந்ததுமே போயிட்டாருன்னு டாக்டருங்க சொல்றாங்க. இருக்கலாம். அவரு கைய நான் பாத்துட்டேதான் இருந்தேன். அசையவேயில்ல. ஆனா சத்தம் வந்துட்டே இருந்துச்சு."

காதக்கா பென்சிலைக் கீழே வைத்தார். "எப்ப நின்னுச்சு?"

"மேல ஒரு வண்டி வந்து நின்னுச்சு. அதோட நிறுத்திட்டாரு. அப்புறம் நான் கண்ண மூடப் பாத்தேன். தூங்கிட்டா அவ்வளவுதான்னு எனக்கே தெரியும், ஆனா முடியல. அப்ப ஒரே ஒரு தடவ அடிச்சாரு."

அறையில் இயந்திரத்தின் சின்னப் பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. காதக்கா எழுந்து போய், சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்தார்.

"மேலேருந்து கத்தினது நான்தாம்மா."

அந்த அம்மாள் அவர் முகத்தைப் பார்த்தார். அழவில்லை. "உங்களுக்குக் கேட்டுச்சா?" என்று மட்டும் கேட்டார். காதக்கா தலையசைத்தார். "அப்பாடா" என்றார் அந்த அம்மாள். யாரோ தோளிலிருந்து சுமையை இறக்கி வைத்ததுபோல நாற்காலியில் சாய்ந்துகொண்டார். காது குணமாகும்வரை மாதம் ஒருமுறை வந்துபோனார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை இருவருமே எடுக்கவில்லை. தபால் ஆபீஸ் வம்பு, ஆஸ்பத்திரி வம்பு என்று ஊர்க்கதை பேசிச் சிரிப்பார்கள்.

வீட்டில்தான் ஒரு குறை தங்கிவிட்டது. காதக்கா இந்தச் சந்திப்பைச் சொன்ன நாளிலிருந்து கணவர் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்று பேர் போனதில் தனக்கு மட்டும் ஏன் கேட்கவில்லை என்பது அவரை அரித்துக்கொண்டிருந்தது. "நான் திருப்ப மாட்டேன்னுதான சொன்னேன்" என்றார் ஒருநாள். "அந்தம்மா அங்கயே கெடந்திருப்பாங்க."

"திருப்பினீங்களே, அது போதும்" என்று காதக்கா சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், எங்கே என்று சொல்லாமல் அவர் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு போனார். சாயங்காலம் ஆறரைக்குத் திரும்பினார். செருப்பில் ஈரமண் ஒட்டியிருந்தது, சட்டைப் பையில் பூங்காவின் நுழைவுச் சீட்டு துருத்திக்கொண்டிருந்தது. கதவைத் திறந்த காதக்கா அவர் முகத்தைப் பார்த்தார். கேட்க நினைத்ததைக் கேட்காமல், தட்டு வைத்துச் சோறு போட்டார். அவர் தலை நிமிராமல் எல்லாவற்றையும் சாப்பிட்டு முடித்தார், இன்னும் கொஞ்சம் போடச் சொல்லிக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், கை கழுவிவிட்டு வந்து, "எனக்கும் கேட்டுச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு, விளக்கை அணைக்காமல் படுத்துக்கொண்டார்.