இரண்டாம் குழுவில் விழுந்த பெண்

உளவியல் ஆய்வுக்காக ஜெகதளா என்ற மலையூருக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். தூக்கம் கெட்ட பெண் தொழிலாளர்களுக்கு மூச்சுப் பயிற்சி உதவுமா என்பது கேள்வி. முதல் குழுவுக்குப் பயிற்சி உண்டு. இரண்டாம் குழுவுக்கு ஆறு வாரம் எதுவும் கிடையாது. யார் எந்தக் குழு என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தேன். வயது, நோய், கவலை எல்லாம் ஆளோடு வருபவை. குலுக்கினால் அவை இரு பக்கமும் ஏறக்குறைய சமமாகப் பிரிந்துவிடும் என்று நம்பினேன்.

கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணுக்கு இரண்டாம் குழு விழுந்தது. சீட்டைப் பார்த்த பிறகுதான் சொன்னாள்: போன மழைக்காலத்தில் அவள் கணவரைத் தோட்டத்துக்குள்ளேயே காட்டெருமை முட்டிக் கொன்றுவிட்டது.

“ஏனுங்க மேடம், என்னைய அந்தப் பக்கம் மாத்தி உடுங்களேன். கண்ண மூடுனா அவரு கத்துனதுதான் கேக்குது.”

“மாத்துனா ஆராய்ச்சியே தப்பாயிடுங்க. ஆறு வாரம் கழிச்சு உங்களுக்கும் சொல்லித் தர்றேன்.”

அவள் கூடையை மாட்டிக்கொண்டு போனாள்.

ஆறாவது வாரம் கடைசிப் படிவத்தை நிரப்பும்போது என் கையைப் பிடித்தாள்.

“பொய் சொல்ல மனசு வரலீங்க. பக்கத்து ஊட்டு அக்கா உங்ககிட்டக் கத்துக்கிட்டத எனக்கும் தெனமும் சொல்லிக் குடுத்துச்சு.”

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் கேட்டேன்: “இப்பத் தூக்கம் வருதுங்களா?”

“ரெண்டு மணி நேரம் வருதுங்க. முன்ன அதுவுமில்ல.”

வீட்டுக்கு வந்து படிவத்தைப் புரட்டினேன். வயது, படிப்பு, எத்தனை வருட வேலை என்றெல்லாம் கேட்டிருந்தேன். வீட்டில் யாராவது இறந்தார்களா என்று மட்டும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போய்க் கேட்டேன். சமீபத்தில் சாவு விழுந்த வீட்டுப் பெண்கள் பெரும்பாலும் இரண்டாம் குழுவிலேயே இருந்தார்கள். முதல் குழு நன்றாகத் தூங்கியதற்குப் பயிற்சிதான் காரணம் என்று இனி என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

“அந்தம்மாவ விட்டுட்டு மத்தத உள்ளது உள்ளபடி எழுதும்மா,” என்றார் என் வழிகாட்டிப் பேராசிரியர். அப்படியே எழுதினேன். ஆய்வேட்டில் அவள் ‘ஒருவர் நீக்கப்பட்டார்’ என்ற ஒரு வரி.

பிறகு இரண்டாம் குழுவுக்குச் சொன்னபடி பயிற்சி தந்தேன். அவளும் வந்திருந்தாள். நான் எண்ண எண்ண அவர்கள் மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தபோது ஓரத்தில் ஒரு பெண் வாய்விட்டு அழுதாள். இவள் எழுந்து போய் அழுதவளின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். எண்ணுவதை நிறுத்திவிட்டு நான் காத்திருந்தேன்.